நீலத் திரையில் வந்த டிரைவர்

பார்சல் கம்பெனியின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. வரிசை கீழே தெரு வரைக்கும் நீண்டிருந்தது. பாதிப் பேர் கையில் மடிக்கணினி. மீதிப் பேர் வீட்டில் கெட்டுப்போன சாமான்களில் தூக்க முடிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் டி.வி. ரிமோட்டோடு நின்றார். பேட்டரியை மாற்றிப் பார்த்தீர்களா என்று பின்னால் நின்றவர் கேட்டார். "எல்லாத்தையும் நம்ம அறிவாலயே பண்ணிட முடியுமா தம்பி?" என்றார் பெரியவர், மிகுந்த பணிவோடு. வரிசை முழுவதும் அதை ஆமோதித்துத் தலையாட்டியது.

மேலே ஹாலில் சர்வர் சாமியார் எழுந்தருளியிருந்தார். பழுதான கம்ப்யூட்டர்களுக்குள் குடியிருக்கும் ஆவிகளோடு பேசுவது அவர் தொழில். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு பென் டிரைவ், கையில் சின்ன மணி. முன்பு ஏதோ ஓட்டலில் சர்வராக இருந்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்று பொறாமைக்காரர்கள் சொல்வதுண்டு. அப்படிச் சொன்ன ஒருவரின் கம்ப்யூட்டர் மறுநாளே புகைந்துபோனது என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்புகிறவர் சாமியாரின் மைத்துனர். அவர் எப்போதும் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாமியாருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

இறந்துபோன ஒரு டிரைவரின் ஆவியை அனுப்பி வைக்கிற நாள் அது. டிரைவரின் மனைவி ஹாலின் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். கம்பெனியில் அவருக்கு லேபிள் அக்கா என்று பெயர். டிரைவரோடு சேர்த்து அவரையும் அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. டிரைவர் மேலே, அக்கா வெளியே.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. அக்காவின் கணவர் அந்தக் கம்பெனியின் பார்சல் வேனை ஓட்டியவர். மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தார். கம்பெனி இரக்கப்பட்டு அக்காவுக்கு வேலை கொடுத்தது. பார்சல்களில் ஒட்டுகிற முகவரி லேபிளை அச்சடிக்கிற வேலை. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, சமையல் எல்லாம் அந்த லேபிளில்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் சேர்ந்த அதே வாரத்தில் பழைய லேபிள் பிரிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது ஒன்று வாங்கினார்கள். இந்த இரண்டாவது செய்தியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. பிரிண்டருக்குப் புருஷன் கிடையாது அல்லவா, அதனால் கதை எழவில்லை.

அந்த வாரத்திலிருந்து அக்காவின் கம்ப்யூட்டர் வேலைக்கு நடுவே செயலிழந்து விழ ஆரம்பித்தது. லேபிள் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரை முழுக்க நீலமாகும். வெள்ளை எழுத்தில் ஆங்கிலம் கொட்டும். பிறகு தானாக அணைந்து தானாக எழும். வேறு மேஜைக்கு மாற்றினார்கள். அக்கா தன் பை, தண்ணீர் பாட்டில், பிரிண்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அங்கேயும் விழுந்தது. ஜன்னலோர மேஜை, அதுவும் விழுந்தது. அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்ட நாட்களில் அன்றைய லேபிள்களை அப்படியே மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களில் ஒரு கம்ப்யூட்டரும் விழவில்லை.

கம்பெனியில் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர் மேனேஜர் ஒருவர்தான். ஆபத்து அதில்தான் இருந்தது. அவர் நீலத் திரையின் முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார்.

"டிரைவர்... மெமரி... ஃபால்ட்." மேனேஜரின் விரல் நின்றது. "டிரைவரோட நினைவு. குற்றம்."

ஹாலில் விசைப்பலகைச் சத்தம் அடங்கியது.

"கீழே இன்னும் இருக்கு. டம்ப் ஆஃப் ஃபிசிக்கல் மெமரி." அவர் குரல் இறங்கியது. "உடலோட நினைவைக் கொட்டுறேன்னு போட்டிருக்கு."

"ஐயோ, நம்ம டிரைவர்!" என்றார் கணக்கெழுதும் அம்மாள். அவ்வளவுதான். அன்று மாலைக்குள் பக்கத்துக் கண்ணாடிக் கடை, நகலெடுக்கும் கடை, எதிர்ச்சாரி முழுவதற்கும் செய்தி போய்விட்டது. பார்சல் வேன் ஓட்டிய மனுஷன் மனைவியைப் பிரிய மனமில்லாமல் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். அதை அவரே ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுகிறாராம். உயிரோடு இருந்தபோது அவருக்கு வேனின் நம்பர் பலகையைத் தாண்டி ஆங்கிலம் தெரியாது. "போன இடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்று அதற்கும் பதில் தயாராக இருந்தது.

முதலாளிக்கு ஆவியெல்லாம் பொருட்டில்லை. லேபிள் தாமதமாகிறது என்பதுதான் அவர் கவலை. "எதையாவது பண்ணுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் எதையாவது பண்ணினார். சர்வர் சாமியாரைக் கூப்பிட்டார்.

சாமியார் முதல் தடவை வந்தபோது எல்லாரையும்போல அக்காவும் எழுந்து நின்றார். சாமியார் கம்ப்யூட்டரின் தலைமேல் கை வைத்துக் கண்ணை மூடினார்.

"இந்தம்மா லீவு போடுற நாள்ல?"

"ஒண்ணும் ஆகறதில்ல சாமி!" என்றார் மேனேஜர். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதையும் கேட்காமலே எல்லாம் தெரிந்துகொண்டாரே என்று பிறகு எல்லாரிடமும் சொன்னார். சாமியார் கேட்டது ஒரு கேள்வி என்பது அவர் கணக்கில் வரவில்லை.

"ஒயர் வழியாத்தான் உள்ளே வரான்" என்றார் சாமியார். கம்ப்யூட்டருக்குப் பின்னால், மின்சார ஒயரைத் தவிர, செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். பிரிண்டரும் அதில் சேர்த்தி. மணியடித்தார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கம்ப்யூட்டர் விழவே இல்லை. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ரோட்டுல அடிபட்டுச் செத்தவன். ரத்தம் தெரியுது எனக்கு" என்றார் சாமியார்.

அக்கா தயங்கிச் சொன்னார்: "இல்லைங்க. அவர் ஆஸ்பத்திரியில, மாரடைப்புல..."

ஒரு நொடி ஹால் சங்கடத்தில் நெளிந்தது. டிரைவர் என்றால் விபத்தில்தான் சாக வேண்டும் என்று சாமியார் முடிவு செய்திருந்தார். காப்பாற்றியவர் மேனேஜர்.

"அதான் ஸ்கிரீன்லயே போட்டிருக்கே, மெமரி ஃபால்ட்னு! எப்படிச் செத்தோம்னே அவருக்கு ஞாபகம் இல்ல, பாவம்."

ஆகா, ஆகா என்றது கூட்டம். அதற்குப் பிறகு சாமியாருக்கு எந்தக் கவலையும் இல்லை. டிரைவரின் ஊரை மாற்றிச் சொன்னார்: மெமரி ஃபால்ட். பிள்ளைகள் மூன்று என்றார்: மெமரி ஃபால்ட். தப்பாகச் சொல்லச் சொல்ல அவர் மகிமை கூடிக்கொண்டே போனது. இப்படி ஒரு வசதி வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும்?

பரிகாரம் இரண்டு. எல்லா மேஜையிலும் அவர் கொடுக்கிற கறுப்பு ரட்சையை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு அது. இரண்டாவது, மனைவி அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும். அவள் இருக்கும் வரை அவன் போகமாட்டான். மறுநாளே பக்கத்துக் கடைக்காரர்களும் ரட்சை கேட்டு வந்தார்கள். அக்காவிடம் மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டே, "வர்ற வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம்மா" என்றார்.

அக்கா இதையெல்லாம் நம்பவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. ஒரு நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, பிரிண்டரை மறுபடி செருகி லேபிள் அடித்துக்கொண்டிருக்கையில் திரை நீலமானது. அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரொம்பச் சின்னக் குரலில், "ஏங்க" என்றார். திரை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து, தானாக எழுந்து, கடவுச்சொல் கேட்டது. அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். வேலை போவதைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அன்று வீட்டில் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாத்தனார் என்றால் டிரைவரின் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம்.

"எங்க அண்ணனா? உயிரோட இருக்கும்போது சோறு போட்டு வச்சுக் கூப்பிட்டாலே மூணாவது தடவைதான் 'ம்'னு சொல்லுவான். இப்ப மணியடிச்சா உடனே வரானா?"

"அப்படிப் பேசாத. ஒருவேளை அவராவே இருந்துட்டா?"

நாத்தனார் துவைத்து வந்திருந்த சீருடையை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, நான் வேலை பார்க்கிற வார்டுல எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி விட்டிருக்கேன். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து ஒரு லைட்டைக்கூட அணைச்சதில்ல. அண்ணனுக்கும் நான்தான் மூடினேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

"அப்ப அது ஏன் விழுது?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார் அக்கா.

"தெரியல. தெரியலன்னா தெரியலன்னுதான் சொல்லணும், ஆவின்னு சொல்லக்கூடாது. ஒருத்தருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? குடுக்கிற மருந்துல ஒண்ணை நிறுத்திப் பார்ப்போம். அது இல்லன்னா அடுத்தது. நீங்க போற மேஜையெல்லாம் விழுதுன்னா, உங்ககூட வேற என்னல்லாம் போகுது?"

"என்கூடவா? என் பை. தண்ணி பாட்டில். அப்புறம் பிரிண்டர்..."

அக்கா நிறுத்தினார். நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா இதை மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிரிண்டர் புத்தம் புதுசும்மா. புதுசுல எப்படி ஆவி வரும்?" என்றார். அக்கா தன் மேஜைக்குத் திரும்பினார். இந்தத் தர்க்கத்துக்கு யாரிடம்தான் பதில் இருக்கும்?

ஆக, வெள்ளிக்கிழமை வந்தது. படிக்கட்டு நிரம்பியது. ஆவியை நேரடியாகப் பேச வைப்பதாகச் சாமியார் வாக்குக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்த நாத்தனார் சுவரோரம் கைகட்டி நின்றார்.

சாமியார் தன் சொந்த ரட்சை ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கம்ப்யூட்டரில் செருகினார். வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொன்னார். மணியடித்தார். விசைப்பலகையை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி அலமாரி மேல் வைத்துவிட்டார். அதன் ஒயர் தொங்கியது.

திரையில் எழுத்துகள் தானாக விழுந்தன.

ஒவ்வொன்றாக. ஆங்கில எழுத்தில் தமிழ். "நான்தான்... டிரைவர்." ஹாலில் யாரோ கேவினார்கள். மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு தெளிந்திருந்தாலும் அந்தச் சொல்லைத் திரையில் பார்த்ததும் அக்காவுக்கு உடம்பு ஒரு தடவை நடுங்கிப் போனது.

"நீ... இந்த வேலையை... விட்டுப் போ. அப்போதுதான்... எனக்கு நிம்ம..."

அந்த நேரம் பார்த்துச் சாமியாரின் மைத்துனர் தும்மினார். பெரிய தும்மல். மடியிலிருந்த பை குலுங்கியது. திரையில் ஒரே எழுத்து வரிசையாக விழுந்து ஓரம் வரைக்கும் ஓடியது.

"அழுவுறார்! டிரைவர் அழுவுறார்!" என்று கத்தினார் கணக்கெழுதும் அம்மாள்.

அக்கா திரையைப் பார்த்தார். மூக்கைத் துடைக்கும் மைத்துனரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். நடுக்கம் நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்று சாகும்போதும் கேட்டுவிட்டுப் போன மனுஷன், வேலையை விடச் சொல்வாரா? அதையும் தும்மலோடு சொல்வாரா?

"சாமி, ஒரு சந்தேகம்" என்று எழுந்தார் அக்கா. "ஆவிக்குக் கை உண்டுங்களா?"

"கிடையாது. எண்ணத்தாலேயே எழுதுறார்."

"அப்ப நாம எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிப்போம். நான், நீங்க, மேனேஜர் சார், உங்க மைத்துனர், இங்க இருக்கிற அத்தனை பேரும். கை இல்லாதவர் எழுதட்டும்."

"ஆவியைச் சோதிக்கக் கூடாது!"

"சோதனை இல்ல சாமி. மரியாதை. வழியனுப்ப வந்திருக்கோம், கையைத் தூக்கி அனுப்பி வைப்போமே."

மரியாதை என்றதும் முதலில் கையைத் தூக்கியவர் மேனேஜர். பக்தியில் யாருக்கும் இளைத்தவரல்ல அவர். பிறகு ஹால் முழுக்கக் கைகள். மணியோடு சாமியாரும் தூக்க வேண்டியதாயிற்று. படிக்கட்டில் நின்றவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே தூக்கினார்கள்.

மைத்துனர் ஒரு கையைத் தூக்கினார்.

"இன்னொண்ணு?" என்றார் நாத்தனார்.

"அது... வலி. தூக்க வராது."

"நான் நர்ஸ்தான். காட்டுங்க, பார்க்கிறேன்."

நாத்தனார் அருகே வந்ததும் மைத்துனர் பதறி எழுந்தார். பை மடியிலிருந்து நழுவியது. உள்ளேயிருந்து ஒயரே இல்லாத குட்டி விசைப்பலகை ஒன்று தரையில் விழுந்து சறுக்கிக்கொண்டு போய் மேனேஜரின் காலடியில் நின்றது. எல்லாக் கைகளும் இன்னும் மேலேதான் இருந்தன. திரையில் எழுத்து விழவில்லை. கோடு ஒன்று மட்டும் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் குனிந்து அந்த விசைப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். திரையில் ஓர் எழுத்து விழுந்தது. இன்னொரு தட்டு, இன்னோர் எழுத்து. சாமியார் செருகிய ரட்சையைப் பிடுங்கிவிட்டுத் தட்டினார், ஒன்றும் விழவில்லை. கணக்கெழுதும் அம்மாள் தன் மேஜையில் இருந்த ரட்சையை எடுத்துப் பல்லால் கடித்துப் பிளந்தார். உள்ளே காற்று இருந்தது.

சாமியார் லேசில் விடுகிற ஆளா? "சரி, அது ஒரு கருவி! ஜனங்களுக்குப் புரியணும்னு வச்சது!" என்று உறுமினார். "ஆனா கம்ப்யூட்டர் விழுந்தது பொய்யா? நான் இங்க கால் வைக்கிறதுக்கு முன்னாடியே விழுந்துச்சே! டிரைவர்னு எழுதினது நானா?"

கூட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதானே, அதானே என்றார்கள். ஏமாந்தோம் என்று ஒத்துக்கொள்வதைவிடப் பேய் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வது எவ்வளவோ கௌரவம்.

"நியாயமான கேள்வி" என்றார் நாத்தனார். "அண்ணி, நீங்க போய்ப் படிக்கட்டுல நில்லுங்க. மேனேஜர் சார், உங்க கம்ப்யூட்டர் இதுவரைக்கும் விழுந்திருக்கா?"

"ஒரு நாளும் இல்ல" என்றார் மேனேஜர் பெருமையாக.

"அந்தப் பிரிண்டரை அதுல செருகி லேபிள் அடிங்க. எங்க அண்ணன், பொண்டாட்டி கூடப் போறானா, பிரிண்டர் கூடப் போறானான்னு பார்த்துடுவோம்."

அக்கா ரிமோட் பெரியவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கண்ணாடித் தடுப்பு போட்ட தன் அறைக்குள் மேனேஜர் தன் கையாலேயே ஒயரைச் செருகினார். லேபிள்கள் நாக்கை நீட்டி நீட்டி வெளியே வந்தன. வந்துகொண்டே இருந்தன. சாமியார் புன்னகைக்க ஆரம்பித்தார். மேனேஜரின் திரை நீலமானது.

டிரைவர். மெமரி. ஃபால்ட்.

"மேனேஜரைப் பிடிச்சுட்டார்!" என்று யாரோ அலறினார்கள்.

"எங்க அண்ணனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் மடியில போய் உக்காருவானா?" என்றார் நாத்தனார்.

பிரிண்டரைப் பிடுங்கிவிட்டு அதே கம்ப்யூட்டரில் அக்காவை உட்கார வைத்தார்கள். அவர் தட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி பிரிண்டரைச் செருகினார்கள், மறுபடி நீலம். கடைசியில் மேனேஜர் பிரிண்டர் விற்ற கடைக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் ஒரு பையன் குரல் அலுத்துக்கொண்டே பேசியது.

"டிரைவர் பழசு சார். அழிச்சுட்டுப் புதுசு போடுங்க."

"டிரைவர்னா... எந்த டிரைவர்?"

"பிரிண்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கிறதுக்கு ஒரு குட்டி புரோகிராம் சார், அதுக்குப் பேரு டிரைவர். உங்களோடது தனக்குக் குடுக்காத மெமரியில போய் எழுதுது. மத்ததும் கெட்டுடக் கூடாதுன்னு கம்ப்யூட்டர் தன்னை நிறுத்திக்குது. அவ்வளவுதான்."

"அப்ப அந்த... உடலோட நினைவு?"

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

சாமியாரைத் தேடினார்கள். பார்சல் இறக்குகிற பின்வாசல் வழியாக அவரும் மைத்துனரும் தாங்களே பார்சலாகிப் போய்விட்டிருந்தார்கள். கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. இவர் போலிதான், ஆனால் அடுத்த தெருவில் நிஜமானவர் ஒருவர் இருக்கிறார் என்று படியிறங்கும்போதே இருவர் பேசிக்கொண்டார்கள்.

புது டிரைவரைப் போட்டதும் அக்கா ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து தள்ளிப்போன லேபிள்களை எல்லாம் அடித்து முடித்தார். திரை நீலமாகவில்லை. மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். சட்டை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடும்மா. நடந்ததை மனசுல வச்சுக்காத." போனவர் திரும்பி வந்தார். அவர் கையில் உடைக்காத ரட்சை ஒன்று இருந்தது. "ஆனாலும் இது ஒண்ணு மட்டும் உன் மேஜையில இருக்கட்டுமா? இருந்தா என்ன நஷ்டம்?"

அக்கா அதை வாங்கிப் பார்த்தார். எடையே இல்லை. மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார்.

"நஷ்டமா சார்? இதை நம்பித்தானே என் பிள்ளைங்க சோத்துல கை வைக்கப் பார்த்தீங்க?" அவர் குரல் உயரவில்லை. "என் புருஷன் செத்துட்டார். தினமும் காலையில எழுந்ததும் அதை நான் புதுசா நம்ப வேண்டியிருக்கு. ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் நம்புறேன். நீங்களும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

மேனேஜர் தலையைத் தொட்டுக்கொண்டார். உள்ளே ஏதோ இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல. அதை ஓட்ட மின்சாரம் வேண்டாம், ஒயர் வேண்டாம், சாமியாரும் வேண்டாம். உங்களிடமும் ஒன்று இருக்கும், எப்போதாவது போட்டுப் பாருங்கள்.